வைக்காத போன்

மானுடவியல் படிக்க வெளிநாடு வந்த இசக்கிக்கு வகுப்பில் கொடுத்த முதல் வேலை, யாரையாவது பேட்டி எடுத்து ஒலிப்பதிவை அப்படியே எழுதித் தருவது. பேச்சு நின்ற இடத்தில் எத்தனை விநாடி என்றும் குறிக்க வேண்டும். அங்கே யாரையும் தெரியாததால் ஊரிலிருக்கும் அம்மாவைப் போனில் பிடித்து, தன் காதுகுத்து எப்படி நடந்தது என்று கேட்டான். பன்னிரண்டாம் நிமிடத்தில் அம்மா, "சரிய்யா, வச்சிருதேன்" என்றாள். அவனும் "சரிம்மா" என்று போனை மேசையில் போட்டுவிட்டு அடுப்பிலிருந்த சோற்று உலையைப் பார்க்கப் போனான்.

மறுநாள் எழுத உட்கார்ந்தபோதுதான் பார்த்தான், பதிவு முப்பது நிமிடம் இருந்தது. இருவருமே போனை வைக்கவே இல்லை. மிச்சத்தைக் கேட்டான். குழாயில் தண்ணீர் விழுந்தது, அவன் இருமினான், மூடி உருண்டது. பிறகு எங்கோ தள்ளி அப்பாவின் குரல்.

"என்ன சொல்லுதான்?"

"ஒண்ணும் சொல்லல. கஞ்சி வடிக்கான். சத்தம் போடாதிய" என்றாள் அம்மா.

அதன்பின் பதினோரு நிமிடம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அறுநூற்று அறுபது விநாடி என்று எழுதினான்.

அன்று இரவு மறுபடியும் ஊருக்குப் போன் போட்டான். பேசி முடித்து அம்மா "வச்சிருதேன்" என்றதும், "சரிம்மா" என்று சொல்லி, போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். அவன் சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. உலை வைத்தான்.