குளியலறைக் கைப்பிடி

எதுவும் கெட்டுப்போகும் முன்பே பழுது பார்க்கும் ஆளைத் தானே வரவழைத்துவிடும் வீடு அது. குடிவந்த நாளிலிருந்து ஒரு குழாய் ஒழுகியதில்லை, மோட்டார் மக்கர் பண்ணியதில்லை. அந்த வீடு இந்த முறை குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும் என்று ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தது.

மங்கையர்க்கரசி அதைத் தெரிந்துகொண்டதும், கணவர் தில்லைநாயகத்துக்கு என்னவோ வரப்போகிறது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்," என்றார் அவர்.

"போன மாசம் மாத்தின மோட்டாரும் அப்படித்தான் இருந்துச்சு. பேசாம உட்காருங்க."

அன்று முதல் அவரை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடவில்லை. தண்ணீர் கேனை அவளே மாடிக்குத் தூக்கினாள். அரிசி மூட்டையை அவளே இழுத்துப் போட்டாள். அவர் தும்மினால்கூட அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. அதைக் கவனிக்க யாருக்கு நேரம்?

போகிக்கு முதல் நாள், அவள் ஸ்டூலில் ஏறி ஹாலில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தபோது ஆள் வந்தான். தில்லைநாயகம் அவனைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், சுவரோரம் நின்று கையை நீட்டினார்.

"எனக்கு எட்டுற மாதிரி மாட்டுப்பா."

வந்தவன் போனைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க சார். வீடு அனுப்பின அளவு அம்மாவோட உயரத்துக்கு."

ஸ்டூலின் மேல் நின்ற மங்கையர்க்கரசியின் காதில் அது விழுந்தது. உடனே இறங்கிவிடத்தான் நினைத்தாள். எந்தக் காலை முதலில் கீழே வைப்பது என்றுதான் தெரியவில்லை.