நாலு கரடும் ஓர் ஓலையும்

பாறையில் கால் வைக்கத் தயங்கிய ஷைலாவுக்கு டேவிட்சன் கை நீட்டினார். அவள் ஏறிய பிறகும் அந்தக் கையை அவர் உடனே விடவில்லை. பின்னால் நின்ற நவ்யா அந்தக் கையையே முறைத்தாள்.

போன வருடம் வரைக்கும் அந்தக் கை அவளுக்குத்தான் நீண்டது. இப்போது யாரோ ஒரு கணக்கு டீச்சருக்கு! அதுவும் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு மலையேற வந்திருக்கிற டீச்சருக்கு!

கோவையிலிருந்து சர்ச் நடைக்குழு உடுமலைப் பக்கம் வந்திருந்தது. ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும் நாலு உச்சிகளையும் ஒரே நாளில் ஏறி இறங்குவதாகத் திட்டம். ஊர்க்காரர்கள் அவற்றைக் கரடு என்பார்கள். மலைதான் என்பதை ஏறுகிறவர்களின் முழங்கால் சொல்லிவிடும்.

“கண்ணு, தண்ணி குடிச்சியா?” டேவிட்சன் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“எனக்கு வேண்டாமுங்க. அவங்களுக்கே குடுங்க.”

“கோவமா?”

“கோவிச்சுக்க நான் ஆருங்க?”

காலையில் குழுத் தலைவர் வின்ஸ்டன் எல்லாருக்கும் பெயர் அச்சடித்த தொப்பி கொடுத்திருந்தார். ‘டே. நவ்யா’ என்றிருந்த தன் தொப்பியை அவள் கண் வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டாள். அழுதால் யாருக்கும் தெரியக் கூடாது.

வரும் ஞாயிறு ஆராதனையில் டேவிட்சனுக்கும் ஷைலாவுக்கும் முதல் ஓலை வாசிப்பதாக இருந்தது. மூன்று ஞாயிறு அப்படி மணமக்கள் பெயரை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று ஆயர் சபையைக் கேட்பார். நவ்யா எழுந்து நின்றாலும் நிற்பாள் என்று டேவிட்சனுக்குத் தெரியும்.

“அத்தனை பேரு முன்னாடி வேண்டாம் கண்ணு. உனக்குப் பிடிக்கலீன்னா நாலாவது கரட்டு மேல எங்கிட்டச் சொல்லீரு. நான் ஓலையை நிறுத்திப்போடறேன்” என்று காரிலேயே சொல்லியிருந்தார்.

சொல்லத்தான் போகிறாள். வேண்டாம் என்ற வார்த்தையைக் காலையிலிருந்து நாக்கு நுனியிலேயே வைத்திருக்கிறாள். ஆராதனையில் அவர் பக்கத்து இடம் இத்தனை வருடமாக நவ்யாவுடையது. அவருக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை, கோபம் வந்தால் எந்தப் பாட்டை முணுமுணுப்பார் என்பதெல்லாம் இந்த டீச்சருக்கு என்ன தெரியும்?

மூன்றாவது கரட்டிலிருந்து இறங்கும்போது டேவிட்சன் முன்னால் போய்விட, இவர்கள் இருவரும் தனியாகப் பின்தங்கினார்கள். வழி இரண்டாகப் பிரிந்தது.

“எப்படிப் போறது அம்மணி?” ஷைலா கேட்டாள்.

“வலப்பக்கம் போங்க. சுலுவா இருக்கும்.”

வலப்பக்கம் முழுக்கச் சரளைக்கல். நவ்யாவுக்கு அது நன்றாகவே தெரியும். அவள் இடப்பக்கமாக இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் கல் உருளும் சத்தமும் ‘ஐயோ’ என்ற குரலும் கேட்டன.

ஓடிப் போய்ப் பார்த்தால், ஷைலா ஒரு கள்ளிப் புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்து ரத்தம். டேவிட்சன் மூச்சிரைக்கக் கீழிருந்து ஏறி வந்தார்.

“இந்தப் பக்கம் ஆருங்க வரச் சொன்னது?”

தொலைந்தோம் என்று நினைத்தாள் நவ்யா.

“ஆரும் சொல்லலீங்க. நவ்யா அந்தப் பக்கந்தான் போச்சு. நாந்தான் கேக்காம இப்படி வந்துபோட்டேன்” என்றாள் ஷைலா.

கைகளுக்குத் துணியைச் சுற்றிவிட்டு டேவிட்சன் முன்னே நடந்தார். நவ்யாவுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. நல்லவள் வேஷமா?

“எதுக்குங்க பொய் சொன்னீங்க?”

“உன் எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன் அம்மணி. இன்னுங் கொஞ்சம் செங்குத்தாப் பாத்து அனுப்பியிருப்பேன்.”

சிரிப்பு வந்துவிட்டது. இவளிடம் போய்ச் சிரிப்பதா என்று நவ்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நாலாவது உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே தென்னந்தோப்புகளுக்கு நடுவே காற்றாலைகள் சுற்றின. ஷைலா தூரமாகப் போய், இவர்கள் பேசுவது காதில் விழாத இடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“ஆயர் ஃபோன்ல கூப்பிட்டாரு” என்றார் டேவிட்சன். “என்ன சொல்லட்டும் கண்ணு? நீ வேண்டாம்னா இத்தோட உட்டர்லாம். உன் மனசை நோகடிச்சு எனக்கு எதுவும் வேண்டாம்.”

ஒரே ஒரு வார்த்தைதான். சொன்னால் அந்தப் பக்கத்து இடம் மறுபடி அவளுடையது.

அங்கே ஷைலா, துணி சுற்றிய கையோடு தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தாள். உதவிக்கென்று ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

நவ்யா விறுவிறுவென்று போய், பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திருகித் திறந்து அவள் மடியில் வைத்தாள். அதே வேகத்தில் டேவிட்சனிடம் திரும்பி வந்தாள். பொறாமை ஒன்றும் போய்விடவில்லை. நெஞ்சுக்குள் அப்படியேதான் இருந்தது.

“வாசிக்கச் சொல்லுங்க. ஆனா பத்திரிகையில அழைக்கிறவங்க எடத்துல எம் பேருதான் இருக்கோணும், அப்பா!”