சாம்பலாற்றுப் பாலம்

“ஒரு டிராக்டரோட எஞ்சினைக் கழட்டி இன்னொரு டிராக்டர்ல மாட்டியிருக்க. இது ஓடும்னு வேற சொல்ற.”

புதிதாக வந்த கிழவர் கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டார். ரொவீனா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

விஸ்கான்சினில் பிப்ரவரிச் சனிக்கிழமை மதியம். விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி உருட்டி அந்தக் கதைக்குள் நடந்து போகிற ஆட்டம். கதை சொல்பவள் ரொவீனா. கதை நடக்கும் நாட்டை ‘சாம்பலாறு’ என்ற பழைய ஆட்டத்திலிருந்து எடுத்திருந்தாள். அதன் விதிகளை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு, இருபது முகமுள்ள ஒரே பகடையால் எல்லாவற்றையும் தீர்க்கும் ‘ஒற்றைப் பகடை’ என்ற வேறோர் ஆட்டத்தின் விதிகளைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தாள். சீஸ் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, எட்டு மாதம் உட்கார்ந்து செய்த வேலை.

கடைக்காரர் நீல்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டார். “அஞ்சு மணிக்குள்ள அடுத்த வாரத்துக்கு நாலு பேராவது கல்லாவுல இருக்கிற தாள்ல பேர் எழுதியிருக்கணும். இல்லேன்னா அறையைச் சீட்டாடுறவங்களுக்குக் கொடுத்திடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே.”

டெக்ஸ்டர், அவன் மனைவி போனி, ரொவீனா. மூன்று பேர்தான் தேறினார்கள். நாலாவதாக வாய்த்தது இந்தக் கிழவர்.

மேசையில் உட்கார்ந்துவிட்டால் அங்கே சொந்தப் பெயர் கிடையாது. எடுத்த வேடத்தின் பெயர்தான். கிழவர் எடுத்தது கிரிமால்டு என்ற நொண்டி வீரனின் வேடம். அதனால் எல்லாருக்கும் அவர் கிரிமால்டு.

“பாலம் நனைஞ்சு கிடக்கு. கீழ ஆறு இரையுது” என்றாள் ரொவீனா. “கிரிமால்டு, பகடையை உருட்டுங்க. பத்துக்கு மேல விழுந்தா தாண்டிட்டீங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“சாம்பலாறு புத்தகத்துல எண்பத்து மூணாம் பக்கம் என்னம்மா சொல்லுது? முதல்ல கல்லோட ஈரம். அப்புறம் செருப்புத் தோல். அப்புறம் முதுகுச் சுமை. மூணு அட்டவணையும் பார்த்துக் கழிச்சுட்டுத்தான் பகடையைத் தொடணும்.”

டெக்ஸ்டர் வாயிலிருந்த சீஸை விழுங்கினான். “அந்தக் கணக்கைப் போட்டு முடிக்கிறதுக்குள்ள ஆறே வத்திப் போயிடும், கிரிமால்டு.”

போனி சிரித்தாள். கிழவர் சிரிக்கவில்லை.

“கழித்தல் தெரியாதவங்களுக்குன்னு தனியா ஒரு ஆட்டம் வந்திருக்குன்னு சொன்னாங்க. இதுதானா அது?”

ரொவீனாவுக்குப் பொறுமை போயிற்று. நாலாவது பெயரும் சேர்ந்தே போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

“அந்த நாட்டைக் கற்பனை பண்ணினவங்க மனுஷங்களை நேசிச்சவங்க. விதி எழுதின ஆள் இருக்காரே, அவர் ஜென்மத்துல நாலு பேரோட உக்காந்து சிரிச்சிருக்க மாட்டார். அவர் அட்டவணைப்படி இந்தப் பாலத்தை ஒருத்தரும் தாண்ட முடியாது. நான் போட்டுப் பார்த்துட்டேன். யார் போனாலும் ஆத்துலதான் விழணும். அது அச்சுல வந்த கோளாறோ, மண்டையில வந்த கோளாறோ.”

“யார் போனாலுமா?”

“முழங்கால் நல்லா இருக்கிறவன் போனாலும்.”

கிழவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. கண்ணை மூடி, விரலை மடக்கி வாய்க்குள் கணக்குப் போட்டார். மூன்று அட்டவணையும் அவருக்கு மனப்பாடம். இந்த ஆளுக்கு வேறு பிழைப்பே இல்லை போல என்று ரொவீனா நினைத்துக்கொண்டாள்.

“ஈரத்தை ரெண்டு தடவை கழிச்சிருக்கு” என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. “முப்பத்தஞ்சு வருஷமா ஒருத்தனும் சொல்லலையே.”

“விளையாடினவன் ஒருத்தனாவது இருந்தாத்தானே சொல்றதுக்கு?”

கிழவர் பகடையை எடுத்து உருட்டினார். பதினொன்று.

“தாண்டிட்டீங்க” என்றாள் ரொவீனா வேண்டா வெறுப்பாக. “அக்கரையில ஒரு கல் வீடு. ஒரு பொம்பளை கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறா. ‘இவ்வளவு நாளா எங்கய்யா போயிருந்தே? சூப் ஆறிப் போச்சு’ங்கறா.”

கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“இது நீயாச் சேர்த்ததா?”

“இல்ல. புத்தகத்துலயே இருக்கு, தொண்ணூறாம் பக்கம். பழைய விதிப்படி ஆடினா எவன் அங்க போய்ச் சேர்ந்தான்?”

“படிச்சிருக்கேன்” என்றார். “போனதில்ல.”

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிழவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். “இப்பவும் சொல்றேன், மட்டமான எஞ்சின்” என்று கதவருகே நின்று சொல்லிவிட்டு, கல்லாப் பக்கமாக நடந்தார். கடை மணி குலுங்கியது. பனிக்குள் இறங்கிப் போய்விட்டார்.

“தொலைஞ்சது சனியன்” என்றான் டெக்ஸ்டர்.

“அறையும் சேர்ந்து தொலைஞ்சது” என்றாள் போனி.

தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று ரொவீனா கல்லாவுக்குப் போனாள். தாளில் நாலு பெயர் இருந்தது. நாலாவது, அளவுகோல் வைத்து எழுதினதுபோல் கட்டம் கட்டமான எழுத்து: ஹாலிஸ் ப்ரூவிட்.

எங்கேயோ பார்த்த பெயர். திரும்பி வந்து பழைய புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினாள். அடியில், பொடி எழுத்தில் இரண்டே வரி:

‘நாடு: மறைந்த லோர்னா ப்ரூவிட். விதிகள்: அவர் கணவர் ஹாலிஸ்.’