பதினெட்டு வயதுக்குக் கீழே

காலையிலிருந்து நான் பெயர்களின்மேல் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

கோல சிலாங்கூரில் வக்கீல் அலுவலகத்தில் கிளார்க் வேலை. சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மேசைமேல் ஒரு தோட்டத்துக் குடும்பங்களின் சத்தியப் பிரமாணப் பத்திரங்கள் கட்டாகக் கிடந்தன. அவர்கள் கோயிலுக்குப் பின்னால் உள்ள நிலத்தைத் தோட்ட நிறுவனம் சமப்படுத்தப் போகிறதாம். திங்கட்கிழமை புல்டோசர் வருகிறது. அதற்குள் தடை வாங்க வேண்டும்.

வக்கீல் நிருபா ஷா ஆலம் நீதிமன்றத்துக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார். பதிவு செய்வதற்கு முன்னால் அடையாள அட்டை எண், கைப்பேசி எண், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பெயர், எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும். நாளைக்கு யாரும் அவர்களைத் தேடிப் போய்த் தொல்லை கொடுக்கக் கூடாது.

கதையைப் படிக்காதே, படித்தால் எண் தப்பிவிடும் என்றும் சொன்னார்.

நானா படிப்பேன்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணையும் வயதையும் மட்டும் தேடினேன். ஆறு வயது, கறுப்பு. மூன்று வயது, கறுப்பு. இத்தனூண்டு தோட்டத்தில் இத்தனை பொடிசுகளா என்று சிரிப்புகூட வந்தது.

மதியம் வள்ளியம்மா தன் பிரதியை வாங்க வந்தார். போன வாரம் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்.

வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று பார்த்தால், உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாம் மலாய் மொழியில் இருந்தது. அவருக்கு அவ்வளவாகப் படிக்க வராது. கடைசி வரை போய் மறுபடி முதலிலிருந்து வந்தார். ஒரு கறுப்புப் பட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தார். அழுக்கென்று நினைத்தாரோ என்னவோ.

மகன் பேரைக் காணோமே என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது.

"பயப்படாதீங்க லா ஆன்டி. நல்லா மறைச்சிட்டேன். இனிமே யாராலயும் உங்க பையனக் கண்டுபிடிக்க முடியாது."

அவர் என்னையே பார்த்தார். கோபமா, குழப்பமா, எனக்குப் பிடிபடவில்லை.

"அவன் அங்கதான் இருக்கான்னு சொல்றதுக்குத்தானம்மா நான் சத்தியமே பண்ணேன்."

எங்கே என்று கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன்.

கோயிலுக்குப் பின்னால் என்றார். பெரியவர்கள் போனால் எரித்துவிடுவார்கள், சின்னப் பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

அவர் கையிலிருந்து வாங்கி முதல் தடவையாகப் படித்தேன். ஆறு வயதில் காய்ச்சலில் போனவன். இருந்திருந்தால் இன்றைக்கு நாற்பதை நெருங்கியிருப்பான். பதினெட்டுக்குக் கீழேயா, மேலேயா? மறைப்பதா, விடுவதா? மறைத்தால் அங்கே இருப்பது யார் என்று நீதிமன்றத்துக்கு எப்படித் தெரியும்? நிருபாவை அழைத்தேன். கைப்பேசி அணைந்திருந்தது. பாழாய்ப்போன சட்டம் என்று திட்டக்கூட வாய் வரவில்லை, அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அவருடைய பிரதியிலாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். பட்டைக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது.

காலையில் அதைக் கறுப்பாக்கியவள் நான்தான். ஆனாலும் பையன் பேர் என்ன என்று அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.