மாடி அறையையும் எழுதிக்கோங்க

“மேல ஒரு ரூம் இருக்கு சார். அதை விட்டுட்டீங்களே” என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

சொத்துவரிக்காக வீட்டை அளக்க வந்திருந்த அதிகாரி, டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தினார். “இந்தத் தெருவுல எல்லாரும் மாடி ரூமைப் பூட்டிட்டு, தண்ணித் தொட்டின்னு சாதிக்கறாங்க. நீங்க என்னடான்னா…”

“ஒளிச்சு என்ன சார் ஆகப்போகுது? தரையப் பாருங்க, அத்தனையும் மார்பிள். கதவெல்லாம் தேக்கு.”

அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். “வரி மூணு மடங்கு ஏறும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

“சட்டப்படி வர்றது வரட்டும் சார்.”

“உங்களை மாதிரி பத்துப் பேர் இருந்தா ஊர் உருப்பட்டுடும்” என்று கைகுலுக்கிவிட்டுப் போனார் அதிகாரி.

அடுத்த மாதம், வெள்ளைச் சட்டைக்காரரின் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“நான் வேலைக்குப் போயிருந்த நேரமாப் பார்த்து வந்து அளந்து, மாடி ரூம், மார்பிள், தேக்குக் கதவுன்னு ஒண்ணு விடாம எழுதிட்டுப் போயிருக்காங்கண்ணே. இவ்வளவு வரிய நான் எங்க போய்க் கட்டுவேன்? வித்துடலாம்னா, வரியக் கேட்டதுமே வாங்க வந்தவங்க எழுந்து ஓடறாங்க. பாதி விலைக்குக்கூட ஆள் இல்ல.”

அவர் அவள் தலையை வருடிக்கொடுத்தார்.

“அழாதம்மா. அந்தப் பாதி விலைக்கு நானே எடுத்துக்கறேன். அப்பா உனக்குன்னு எழுதிவச்ச வீடு, வெளியாளுக்குப் போகலாமா?”