சாட்சிக்கு ஒரு ஆள்

பத்திர எழுத்தரின் அறைக்குள் நுழைந்ததும் பெரியவளின் கண்ணில் முதலில் பட்டவர் மருந்துக்கடைக்காரர்தான்.

இவருக்கு இங்கே என்ன வேலை?

சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருக்கிறாராம். தம்பிதான் கையோடு அழைத்து வந்திருக்கிறான்.

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டை உயிரோடு இருக்கும்போதே எழுதிவைத்துவிடுகிறேன், அப்புறம் பிள்ளைகள் பாடு என்று அப்பா போன மாதம் சொன்னார். அந்தப் பத்திரத்துக்குச் சாட்சி, தெருமுனையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிற மனுஷன்!

ஒரு வாரமாகத் தம்பி சாட்சிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தான், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற மாதிரி. சித்தப்பா வேண்டாம், ஆயிரம் கேள்வி கேட்பார். மாடி வீட்டு வாத்தியார் வேண்டாம், ஒன்றைக் கேட்டால் ஊருக்கே சொல்வார். அத்தை மகன் ஆகவே ஆகாது, எதையும் படித்துப் பார்க்காமல் தொடமாட்டான். இப்படிச் சலித்துச் சலித்துக் கடைசியில் மருந்துக்கடையில் போய் நின்றிருக்கிறான்.

வீட்டுக்குள்ளே குத்துக்கல் மாதிரி ஒருத்தி இருக்கிறாளே, அவள் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு யார் கையெழுத்துப் போட்டது? அப்பா இடுப்பை முறித்துக்கொண்டு கிடந்தபோது? தம்பியைக் கல்லூரி விடுதியில் சேர்த்த அன்று பாதுகாவலர் என்ற கட்டத்தில்? கூலிக்குத் தைக்கிற பள்ளிச் சீருடையைப் பாதித் தையலில் விட்டுவிட்டு, சேலையெல்லாம் நூல் ஒட்டியிருக்க, ஓடி ஓடிப் போட்ட கையெழுத்துகள். அன்றைக்கெல்லாம் இனித்தது, இன்றைக்குக் கசக்கிறதோ?

"ஏன்டா, என் கையெழுத்துலதானே நீ காலேஜுக்கே போனே? இன்னிக்கு நான் ஆகாதவளாயிட்டேனா?"

"ஐயோ அக்கா, நானா சொன்னேன்? அப்பாதான் 'அவ வேணாம், வெளியாளைக் கூப்பிடு'ன்னாரு."

அப்பாவா?

சுவரோர நாற்காலியில் அவர் கைத்தடியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவருக்குச் சவரம் செய்து, நகம் வெட்டி, கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிவிட்டது அவள். ஏறுகிற வரைக்கும் சாட்சியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை மனுஷன். நீ எதற்கு, வீட்டிலேயே இரு என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். கேட்காமல் பின்னாலேயே பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

இருபத்தாறு வருஷம் பொங்கிப் போட்டவளுக்குச் சாட்சி போடக்கூடத் தகுதி இல்லையாமே.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தாள். சாட்சிகள் என்று போட்டிருந்த கடைசிப் பக்கத்தைத் தானே தேடி எடுத்தாள். தம்பி வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"கோபப்படாதீங்கம்மா. சொத்துல பங்கு இருக்கிறவங்க சாட்சி போடக் கூடாது. அதனாலதான் என்னைக் கூப்பிட்டிருப்பாங்க."

அட, இவ்வளவுதானா?

கோபம் அப்படியே வடிந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கு இந்தத் தம்பிக்கு என்ன வந்தது? நாலு பேர் முன்னால் கத்திவிட்டோமே என்று கூச்சமாகக்கூட இருந்தது. நல்ல மனுஷனைப் போய் மனசுக்குள் என்னவெல்லாம் திட்டிவிட்டாள். பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

பத்திர எழுத்தருக்கு வாசலில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேனாவை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"அந்தப் பிரச்சினை இல்லம்மா. நீங்க தாராளமாப் போடலாம்."

தம்பி செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். அது அடிக்கவே இல்லை.

மருந்துக்கடைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

அவள் பேனாவைத் தொடவில்லை. பத்திரத்தை இழுத்து முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். சாட்சி போடுகிறவளுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டாமா? வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள், வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி. கதவு எண், நான்கு எல்லைகள், கிணறு, மாடிப்படி எல்லாவற்றையும் படித்தாள்.

'எனக்கு ஒரே வாரிசாகிய என் மகனுக்கு' என்ற இடம் வந்தபோது அப்பா காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவள் எழுந்தாள். நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கருவியை எடுத்து, தினமும் காலையில் செய்வது போலவே பதமாக அவர் காதில் பொருத்தினாள்.

பிறகு அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.