பதினோரு முறை திரும்பிய மனு

"இந்தத் தடவை என்ன நொட்டை சொன்னான்?" என்று கேட்டார் கண்டக்டர்.

அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். பூங்கா பாதுகாப்புக் குழுவின் தலைவரும் அவரே.

குழுவின் செயலாளர் டெய்லரக்கா. மனுக் கட்டைத் தையல் மெஷின் மேல் பொத்தென்று போட்டார்.

"நாலாம் பக்கத்துல ரெண்டு பேர் ஒரே வரியில கையெழுத்துப் போட்டிருக்காங்களாம். தனித்தனியா வாங்கிட்டு வரணுமாம்."

"போன தடவை?"

"யாரோ பச்சை மையில போட்டுட்டாங்கன்னார். அதுக்கு முந்தி பக்க எண் இல்லை. அதுக்கும் முந்தி ஓரத்துல இடம் விடலை."

பதினாலு மாதத்தில் இதோடு பதினோரு முறை. தெருக்கோடிப் பூங்காவை அழித்துக் கடைகள் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்த வாரமே முந்நூறு கையெழுத்தோடு மனு கொடுத்தாயிற்று. நகராட்சி அலுவலகத்து கிளார்க் அதை உள்ளே விட்டால்தானே. ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சாவகாசமாகப் புரட்டி, ஒரே ஒரு குறையைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். குழுவில் அவருக்கு 'நொட்டை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"கான்ட்ராக்டர்கிட்ட கை நீட்டியிருப்பான். இல்லேன்னா ஒரு மனுஷன் இப்படியா கழுத்தறுப்பான்?"

டெய்லரக்காவுக்கும் அந்தச் சந்தேகம்தான். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதியில் கண் போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனுஷர், அந்தப் பூங்காவின் வட்டப் பாதையில் மட்டும் யார் கையையும் பிடிக்காமல் வீசி நடப்பார். அந்த அரைமணி நேரம்தான் அவருக்கு உயிர். அதுவும் போனால் ஆள் படுக்கையோடு படுக்கையாகிவிடுவார் என்று அக்கா பயந்துகொண்டிருந்தார்.

"மேலதிகாரிகிட்டப் போவோம் அண்ணே. இந்த ஆள் அந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் நம்ம மனு உள்ள போகாது."

புகார் எழுதினார்கள். பதினோரு தடவை திருத்திப் பழகின கை. ஓரம், பக்க எண், மை என்று எதிலும் யாரும் வாய் திறக்க முடியாது. பத்தே நாளில் நொட்டையைப் பழைய கோப்புகள் கிடக்கிற கீழ்த்தளத்துக்குத் தூக்கியடித்தார்கள்.

சரிசெய்த மனுவோடு டெய்லரக்கா போன அன்று, நொட்டை சாப்பாட்டுப் பையும் குடையுமாகப் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"அவசரப்பட்டுட்டீங்களேம்மா" என்றார்.

"பதினாலு மாசம் அலைஞ்சது அவசரமா சார்?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேலதிகாரியின் அறைக்கதவு திறந்தது. பேசாமல் இறங்கிப் போய்விட்டார். மனசாட்சி உறுத்துகிறது போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

புது கிளார்க் ஒரு இளம்பெண். "உட்காருங்க மேடம்" என்றாள். அஞ்சே நிமிஷத்தில் முத்திரை குத்தி ரசீதும் கொடுத்தாள். அன்று சாயந்திரம் கண்டக்டர் குழு மொத்தத்துக்கும் தன் கைக்காசில் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கையிலிருந்து காசு இறங்கியதைத் தெரு பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது என்று ஒரே வரி.

மறுநாள் காலையில் பூங்காவைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். உள்ளே இயந்திரம் மரங்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் தகரத்தைத் தடவிக்கொண்டே பத்தடி போனார். திரும்பிப் பத்தடி வந்தார்.

"வாசல் எங்க, காணோமே?"

"இனிமே இல்லைங்க."

அவர் வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, நாலாம் நாள் நேரே அலுவலகத்துக்குப் போனார்.

"ஒன்பது நாள்ல என்னத்தைம்மா பரிசீலிச்சீங்க?"

அந்தப் பெண் குனிந்த தலை நிமிரவில்லை.

"பரிசீலிக்க ஒண்ணும் இல்லை மேடம். கடை கட்டணும்னு மேலே எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. ஆனா மனு நிலுவையில இருக்கிற வரைக்கும் அந்த இடத்துல கை வைக்கக்கூடாதுன்னு விதி. நான் மனுவை ஏத்துக்கிட்டேன். அவங்க உடனே தள்ளுபடி பண்ணிட்டாங்க."

"எங்க மனு எங்கம்மா நிலுவையில இருந்துச்சு? அந்த ஆள்தான் வாங்கவே மாட்டேன்னு திருப்பித் திருப்பி விட்டாரே."

"திருத்தச் சொல்லித் திருப்பிக் குடுத்தா அதுவும் நிலுவைதான் மேடம். அவரோட டிராயரை நேத்துதான் சுத்தம் பண்ணினேன். இது இருந்துச்சு."

நாலாக மடித்த ஒரு தாள். மேலே, முதன்முதலில் மனு கொடுத்த நாளின் தேதி. அதற்குக் கீழே அந்த மனுவில் இருந்த குறைகளையெல்லாம் நொட்டை தன் பொடி எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தார். மொத்தம் நாற்பது. முதல் பதினொன்றுக்கு மட்டும் டிக் அடித்து, பக்கத்தில் திருப்பிக் கொடுத்த தேதி போட்டிருந்தது.

மீதி இருபத்தொன்பதுக்கும் பென்சிலில் தேதி குறித்து வைத்திருந்தார். கடைசித் தேதி வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது.